தியாகராஜா டேக்கு வந்த ஆட்சேபனை

பொசொன் போயா என்னும் பௌர்ணமி தினத்தன்று காலை ஒன்பதே காலுக்கு, கண்டி மஹய்யாவ சனசமூக நிலைய மண்டபத்தில், தியாகராஜா தம்முடைய சொந்த ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். யாருக்காக நிற்கிறோம் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்தார்கள், அவரும் எழுந்தார். ஒரு காரியாலயத்தில் முப்பது வருஷமாகக் கடிதம் அடிக்கும் இலிகிதராக இருப்பவருக்கு, கூட்டத்தில் எல்லோரும் எழுந்தால் தாமும் எழ வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் காரியத்தைச் செய்தவன் யாழ்ப்பாணத்திலிருந்து முதல்முறையாக வந்திருந்த திலக்ஷன். நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று. மேடைக்குப் பின்னால் ‘தியாகராஜா டே’ என்று பெரிய பேனர் தொங்கியது. ஒரு மனிதரின் பெயரில் ஒரு நாள் கொண்டாடினால் அந்த மனிதர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று அவன் தன்பாட்டில் முடிவு கட்டிவிட்டான். உங்களை அறிமுகப்படுத்துங்கள் என்று மைக்கைக் கொடுத்ததும், “அதுக்கு முதல், தியாகராஜா ஐயாவுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவம்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

மண்டபத்தில் இருந்த முப்பது பேரில் இருபத்தைந்து பேருக்காவது தியாகராஜா பின்வரிசைக்கு அப்பால் ஃபிளாஸ்க்கின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஆனால் கண்ணை மூடிவிட்ட விருந்தாளியிடம் எப்படிப் போய்ச் சொல்வது? ஒவ்வொருவராக எழுந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டும் தரையைப் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். மைக்கில் சொன்னது காதில் விழாத தியாகராஜாவும் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோரிலும் ஒழுங்காக நின்றவர் அவர்தான்.

தேநீர் இடைவேளையில் திலக்ஷன் அவரிடமே வந்தான்.

“ஐயா, அவர் எப்ப தவறினவர்?”

“யாரு தம்பி?”

“தியாகராஜா ஐயா.”

தியாகராஜா அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “நான்தான் தம்பி தியாகராஜா. சீனி ஒண்ணா ரெண்டா?”

பையனின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போய்விட்டது. பரவாயில்லை, ஆயுசு கெட்டியாகும் என்று சொல்லி ஒரு ரோல்ஸைக் கையில் கொடுத்து அனுப்பினார். அன்று முழுக்க அந்தப் பையன் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

தியாகராஜா டே என்பது வேறொன்றுமில்லை. மென்பொருள் எழுதத் தெரிந்த கண்டிப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் மாதம் ஒருமுறை கூடி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்ற கொள்கையில் மென்பொருள் எழுதுகிறார்கள். ஓபன் சோர்ஸ் என்கிறார்கள். போயா தினமென்றால் எந்தக் கம்பனிக்காரனுக்கும் விடுமுறை. எல்லோராலும் வர முடியும். மண்டபத்தை இலவசமாகத் திறந்து கொடுப்பவர் சனசமூக நிலையத்தின் செயலாளரான தியாகராஜா. பிறந்து வளர்ந்தது மஹய்யாவவில். இப்போது குடியிருப்பது குண்டசாலையில். ஆனாலும் சாவியை அவர் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால், இரண்டாவது கூட்டத்துக்கு மண்டபத்தைத் திறக்க வந்தபோது, பிள்ளைகளின் இணையப் பக்கத்தில் தம் பெயரைக் கண்டார் தியாகராஜா. நெஞ்சு நிறைந்துபோயிற்று. மண்டபம் கொடுத்ததற்கு நன்றியாக வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். யாரிடமும் கேட்கவில்லை, பெருந்தன்மையான மனிதர் இதையெல்லாம் கேட்பாரா? ஆனால் சொல்வதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காரியாலயத்தில் சொன்னார். குண்டசாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துப்போவதற்கு முன்னால் டொக்டரிடம் சொல்லி முடித்துவிட்டார். “கம்ப்யூட்டர் உலகத்துல என் பேர்ல ஒரு நாளே இருக்குங்க” என்பார். அது என்ன உலகம், அங்கே என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார்.

அந்த மௌன அஞ்சலிக்குப் பிறகு பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். குழுவைப் பொறுப்பாக நடத்துபவன் அக்குறணை ஆகிப். கெட்டிக்காரன்; எதையும் எழுத்தில் வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், பெயரைப் பார்த்து நினைவு தினம் என்று நினைக்கிறார்கள், சாதாரணமாக ‘கண்டி ஓபன் சோர்ஸ் டே’ என்று மாற்றிவிடலாம் என்பது அவன் யோசனை. அதை அவர்களுடைய முறைப்படி இணையத்தில் ஒரு பிரேரணையாகப் போட்டான். ஏழு நாள் அவகாசம். அதற்குள் காரணத்தோடு யாராவது ஆட்சேபித்தால் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம், பெயர் மாறிவிடும்.

விஷயத்தைத் தியாகராஜாவிடம் சொல்லும் பொறுப்பு நிலூஷாவின் தலையில் விழுந்தது. தெல்தோட்டைப் பிள்ளை, கண்டியில் ஒரு கம்பனியில் வேலை. நோகாமல் பேசத் தெரிந்தவள் என்று மற்றவர்கள் அவளைத் தள்ளிவிட்டார்கள். அன்று கூட்டம் கலைந்து, அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளும் இரண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், பேரை மாத்தலாம்னு பேசிக்கிறாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?”

தியாகராஜா தூக்கிய கதிரையை மறுபடி கீழே வைத்தார். ஆனால் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. “அட, தாராளமா மாத்துங்கம்மா! எனக்கென்ன இருக்கு? நானா கேட்டேன்? நீங்களா வச்சீங்க, நீங்களா மாத்துறீங்க.”

“நெசமாத்தானே அங்கிள்?”

“நெசமாத்தான். போங்க, பஸ் போயிறப்போகுது.”

அவள் நிம்மதியாகப் போய், அங்கிளுக்குச் சம்மதம் என்று எல்லோருக்கும் சொன்னாள். அதனால்தான் அவரை விரும்பிய பிள்ளைகள்கூட ஆட்சேபிக்கவில்லை. அவரே சரியென்ற பிறகு நாம் யார் என்று இருந்துவிட்டார்கள்.

குண்டசாலை வீட்டில் அவருடைய மனைவி பாலாம்பிகை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கணவர் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்த விதத்திலேயே அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதியைத் தியாகராஜா சொன்னார். மௌன அஞ்சலி வந்த இடத்தில் பாலாம்பிகைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையிலிருந்த கிழங்கு உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு வந்திருப்பேனே.”

“உனக்கு எல்லாம் சிரிப்புத்தான். பேரை எடுக்கப் போறாங்க.”

“பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்றது.”

“தாராளமா மாத்துங்கன்னு சொல்லிட்டேனே.”

“ஏன் சொன்னீங்க?”

ஏன் சொன்னார்? என் பெயரை எடுக்காதீர்கள் என்று ஒரு மனிதன் தன் வாயால் எப்படிக் கேட்பது? மற்றவர்கள் கேட்க வேண்டும். ஊரே திரண்டு வந்து கேட்க வேண்டும். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்க வேண்டும். அதுதானே முறை. ஊர் திரண்டு வரும் அறிகுறி எதுவும் தெரியாததால், ஊரின் வேலையையும் தாமே பார்த்துவிடுவது என்று நாலாம் நாள் தீர்மானித்தார்.

காரியாலயத்தில் பகல் சாப்பாட்டு நேரம். எல்லோரும் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தியாகராஜா தம்முடைய கணினியில், முப்பது வருஷமாகக் கடிதம் அடித்த அதே கையால், அதே பாமினி எழுத்துருவில் அடிக்கத் தொடங்கினார்.

“அன்புடையீர், பெயர் மாற்றத்துக்கு ஆட்சேபனை தெரிவித்தல். மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்துக்குக் கொண்டு வருவது யாதெனில், திரு. தியாகராஜா அவர்களை நான் நேரில் அறிந்தவன் அல்லன். எனினும் அன்னாரின் நேரந்தவறாமை, தன்னலமற்ற சேவை, எளிமை, பழகுவதற்கு இனிய சுபாவம் ஆகியன கண்டி மாநகரில் அறியாதார் இல்லை. குறிப்பாக நேரந்தவறாமைக்கு அன்னார் ஓர் எடுத்துக்காட்டாவார். அத்தகையவரின் பெயரை நீக்குவது பொருத்தமற்றது என்பதோடு, அன்னாரின் மனதையும் புண்படுத்தக்கூடும் எனத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன். இப்படிக்கு, ஒரு நலன்விரும்பி. பிரதி: கோவைக்கு.”

காரியாலயக் கடிதமென்றால் ஒரு பிரதி ஃபைலுக்குப் போக வேண்டும், அந்தப் பழக்கத்தில் கோவையும் வந்துவிட்டது. இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். ‘எளிமை’க்குப் பிறகு ‘அறிவாற்றல்’ என்று ஒன்றைச் சேர்த்து, அது கொஞ்சம் அதிகம் என்று பட்டதால் எடுத்துவிட்டார். பிள்ளைகளின் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. நலன்விரும்பி என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தார். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கனவே எடுத்துவிட்டார் என்று வந்தது. உலகத்தில் இன்னொரு நலன்விரும்பியும் இருக்கிறார் என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தாம் பிறந்த வருஷத்தைப் பின்னால் சேர்த்து நலன்விரும்பி 1968 ஆனார். கடிதத்தைப் பிரதியெடுத்து அங்கே ஒட்டினார்.

பாமினி என்பது பார்வைக்குத் தமிழாகவும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தாகவும் இருக்கும் ஒரு பழைய எழுத்துரு. காரியாலயக் கணினிக்குள் இருக்கும்வரை அச்சொட்டாகத் தமிழ். வெளியே கொண்டுபோனால் வேஷம் கலைந்துவிடும். தியாகராஜாவின் கடிதமும் இணையத்தில் போய் விழுந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக, ஒரு பூனை விசைப்பலகை மேல் நடந்து போனதுபோல் ஆகிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் பதறவில்லை. இது கம்ப்யூட்டர் ஆட்களின் இடம், கடிதம் அவர்களுடைய பாஷைக்குத் தானாக மாறியிருக்கிறது, அவர்கள் வாசித்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று ஒரு நிமிடம் வியந்துவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிடப் போனார்.

ஆகிப் எழுதி வைத்த ஒரு சின்ன நிரல் அந்தப் பக்கத்துக்குக் காவல். விளம்பரக் குப்பை எதுவும் வந்து விழுந்தால் அது தானாகவே பிடித்து மறைத்துவிடும். நலன்விரும்பியின் கடிதத்தை அது பத்து நிமிடத்தில் பிடித்து மறைத்தது.

அடுத்த மூன்று நாளும் தியாகராஜா மணிக்கொரு தரம் போனைத் திறந்து பார்த்தார். தம் கடிதத்தைக் காணவில்லை. பதில் எழுதுவதற்காக எடுத்து வைத்திருக்கிறார்கள் போலும் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டார். ஏழாம் நாளும் முடிந்தது. ‘ஆட்சேபனை எதுவும் இல்லை. அடுத்த மாத எசல போயா கூட்டத்தில் புதிய பெயர் அறிவிக்கப்படும்’ என்று ஆகிப் எழுதியிருந்தான்.

அன்றுதான் அவர் அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தார். அதுவரை கடைசியில் என்ன வந்திருக்கிறது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர். மேலே ஆகிப் பிரேரணைக்கு ஒரு வரலாறும் எழுதியிருந்தான். அவனுக்குத்தான் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டுமே. ‘இந்தப் பெயர் கேலியாகத் தொடங்கியது. முதல் கூட்டத்தன்று ஒன்பது மணிக்கு வர வேண்டிய தியாகராஜா அங்கிள் பதினொன்று பத்துக்குத்தான் வந்து மண்டபத்தைத் திறந்தார். இரண்டு மணித்தியாலம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கடுப்பில் அன்றைய குறிப்புக்கு தியாகராஜா டே என்று தலைப்புப் போட்டோம். அதுவே நிலைத்துவிட்டது.’

தியாகராஜா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். காது சூடாகிவிட்டது. பஸ்ஸில் சொன்னது, பல் டொக்டரிடம் சொன்னது, கொட்டகலையில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் எழுந்து நின்று சொன்னது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. போதாததற்கு நேரந்தவறாமைக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று தம் கையாலேயே அடித்தும் கொடுத்திருக்கிறார். நல்லவேளை, யாரும் வாசிக்கவில்லை.

“கேலிக்கு வச்ச பேராம்” என்றார் பாலாம்பிகையிடம்.

பாலாம்பிகை இந்த முறை சிரிக்கவில்லை. “நான் அப்பவே யோசிச்சேன்” என்றார். “அன்னைக்கு நீங்க பத்து மணி வரைக்கும் தூங்கினீங்களே. தூங்கின மனுசனுக்கு யாரு நன்றி சொல்லப் போறாங்க?”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“எப்பிடிச் சொல்றது? மூணரை வருஷமா போயான்னா விடிய எழும்பிக் குளிச்சு, சட்டைய நீங்களே மினுக்கிப் போட்டுக்கிட்டுப் போறீங்க. பாக்க நல்லாயிருந்துச்சு.”

அவமானத்தில் இருந்தவருக்கு அது ஆறுதலாகவே இல்லை. எசல போயாவன்று பிரச்சினை பண்ணாமல் போய், பெயர் மாறுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, சாவியை நிலூஷாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தார். இனி யார் வேண்டுமானாலும் திறக்கட்டும், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் திறக்கட்டும்.

எசல போயாவன்று வழக்கம்போல் எட்டு மணிக்கே மண்டபத்தைத் திறந்து, கதிரைகளைப் போட்டு, தண்ணீர் கொதிக்க வைத்தார். கோபித்துக்கொண்டு பிந்திப் போகலாம் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது, கால்கள் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். புதிய பேனர் சுருட்டி மேடையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகிப் எழுந்து பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, நிலூஷா கையைத் தூக்கினாள்.

“ஆட்சேபனை ஒண்ணு இருக்கு.”

“ஒண்ணும் வரல்லியே?” என்றான் ஆகிப்.

“வந்திருக்கு. உன் காவல்காரன் குப்பைன்னு மறைச்சு வச்சிருக்கான். நேத்து குப்பைய அழிக்கப் போனப்பதான் கண்டேன். பாத்த உடனே தெரிஞ்சிருச்சு, அது பாமினி. ஊருல தோட்டத்து அறிவித்தல் எல்லாம் அதுலதானே நான் அடிச்சுக் குடுப்பேன். சாதாரண தமிழுக்கு மாத்திட்டேன். நாலாம் நாளே வந்த கடிதம். காலத்துக்குள்ள வந்தது, எண்ணித்தான் ஆகணும்.”

பின்னால் தேநீர் மேசையருகில் தியாகராஜாவுக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்று கையைக் காட்டப் பார்த்தார். அதற்குள் நிலூஷா வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தக் கூட்டத்தில் ‘யாதெனில்’ என்ற சொல்லைக் கேட்டதுமே இரண்டு வரிசை குனிந்துகொண்டது. ‘நேரில் அறிந்தவன் அல்லன்’ என்ற இடத்தில் ஒருவருக்குப் புரையேறியது. ‘நேரந்தவறாமைக்கு ஓர் எடுத்துக்காட்டு’ வந்தபோது மண்டபமே கலகலத்துவிட்டது. ஆகிப்பும் சிரித்தான், ‘பிரதி: கோவைக்கு’ என்று முடிந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிலூஷா மட்டும் சிரிக்கவில்லை. ‘அன்னாரின் மனதையும் புண்படுத்தக்கூடும்’ என்ற வரியை அவள் வாசித்த விதத்தில் கெஞ்சல் போல ஏதோ இருந்ததை முன்வரிசை கவனித்தது. கடிதத்தை மடித்துவிட்டு, கவனமாகத் தியாகராஜா இருந்த பக்கம் பார்க்காமல் நின்றாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கூரையையும் ஜன்னலையும் பார்த்தார்கள்.

ஆகிப் தொண்டையைச் செருமினான். “ஆட்சேபனை செஞ்சவங்க சொந்தப் பேர்ல நின்டு சொல்லணும். அது நாங்க எழுதி வச்சீக்கிற விதி. இல்லாட்டி எண்ண ஏலாது.” பிறகு, யாரையும் பார்க்காமல், “நலன்விரும்பி இங்க ஈக்கிறாரா?” என்று கேட்டான்.

இப்படியே இருந்துவிடலாம். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் போனால் ஆட்சேபனை தள்ளுபடியாகும், பெயர் மாறும், கைதட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்படித்தானே திட்டம். தியாகராஜா கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார்.

“நான்தான்” என்றார்.

முப்பது பேரும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சரியாக வரவில்லை.

“முன்னுக்கு வாங்க அங்கிள்” என்றாள் நிலூஷா.

“இங்கயே நிக்கிறேம்மா.” ஆட்சேபனையை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்தது. “நேர்ல தெரியாதுன்னு எழுதினது பொய். மத்தபடி, கேலிக்கு வச்ச பேருன்னு போன மாசந்தான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் எனக்கு மரியாதை செஞ்சிருக்கீங்கன்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அத நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.”

ஆகிப்பின் முகத்தில் சிரிப்பு முழுதாகப் போய்விட்டது. “அங்கிள், நாங்க அப்பிடி நெனச்சு...”

“இருங்க தம்பி, சொல்லி முடிச்சிர்றேன். இல்லாட்டிப் பிறகு எனக்கு வராது. அன்னைக்கு நான் தூங்கிட்டேன். சுகமில்லாம இல்ல, பஸ் இல்லாமயும் இல்ல. லீவு நாள்ல கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு யாரு வரப் போறாங்கன்னு நெனச்சு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டேன். உங்களப் படியில உக்கார வச்சது பிழைதான். அதுக்கப்புறம் எத்தின போயா வந்துச்சு?”

“இன்டைக்குச் சேத்து நாப்பத்தி மூணு” என்றான் ஆகிப். எழுதி வைத்திருப்பவன் அவன்தானே.

“நாப்பத்தி மூணுல ஒரு நாளாவது நீங்க வாசல்ல நின்னீங்களா?”

ஆகிப் யோசித்துப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான். “இல்ல.”

“பெட்ரோல் வரிசைக் காலத்துல பஸ் ஓடாம குண்டசாலையிலருந்து நடந்து வந்தேன். பெரஹெர ஊர்வலத்துக்கு ரோட்ட மூடினப்பவும் சுத்தி வந்தேன். ஏன்? உங்க மேல உள்ள அன்பா? அப்ப உங்க பேருகூட எனக்கு ஒழுங்காத் தெரியாது. கம்ப்யூட்டர்ல எனக்கு ஒண்ணும் விளங்காது, அது உங்களுக்கே தெரியும். என் பேர்ல ஒரு நாள் இருக்கு, அந்த நாளுக்கு நானே பிந்தி வந்தா என்ன மரியாதைன்னுதான் வந்தேன். வேறொண்ணுமில்ல.” கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். “நீங்க சும்மா விளையாட்டுக்குத்தான் வச்சீங்க. சரி. ஆனா நாப்பத்தி மூணு தரம் நேரத்துக்கு வந்து, அத நான் என் பேரா ஆக்கிக்கிட்டேன். இப்ப அது என்னுது. தாராளமா மாத்துங்கன்னு சொன்னதும் பொய்தான். நான் தரமாட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் பயந்துபோனார். இவ்வளவு பேர் முன்னால் ‘மாட்டேன்’ என்ற சொல்லைச் சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. மேசையில் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஒரு கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்.

நிலூஷா ஆகிப்பைப் பார்த்தாள். அவன் சுருட்டி வைத்திருந்த புதிய பேனரைப் பார்த்தான். “வேற யாராச்சும் பேசணுமா?” என்று கேட்டான். ஒரு கையும் உயரவில்லை. அவன் உட்கார்ந்து லெப்டொப்பை இழுத்துக்கொண்டான். பிரேரணையின் பக்கம் புரொஜெக்டர் வழியாகப் பின்னாலிருந்த சுவரில் பெரிதாக விழுந்தது. அதைக் கைவிட்டு மூடும் பொத்தானை அழுத்தினான். அவர்களுடைய முறைப்படி, ஒரு பிரேரணையை மூடும்போது அதற்கு ஒரு காரணமும் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம் என்று அது அங்கேயே இருக்கும்.

ஆகிப் விசைப்பலகை மேல் விரலை வைத்தான். பிறகு தமிழில் அடித்தான். சுவரில் எழுத்து எழுத்தாக வந்தது.

‘பெயருக்குரியவர் சம்மதிக்கவில்லை.’

தியாகராஜா கோப்பையைக் கீழே வைத்தார். முப்பது வருஷமாக எத்தனையோ கடிதங்களை அடித்து எத்தனையோ பேருடைய கையெழுத்துக்கு வைத்த மனிதர். அவர் சம்மதிக்கவில்லை என்பதற்காக ஒரு காரியம் நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டே சொல்தான், ஆனாலும் அதை வாசித்து முடிக்க அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.